இடது சீட்

என் அண்ணன் வேகமாக ஓட்டித்தான் செத்தான் என்று ஊரே நம்பியது. அது உண்மையில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். இடதுபக்க சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் அண்ணன் வேன் டிரைவர். ராணிப்பேட்டைக்குப் போய் கெமிக்கல் டிரம்களை ஏற்றிக்கொண்டு வருவது அவனுடைய வாராந்திர வேலை. நான் வேலூரில் பாலிடெக்னிக் முதல் வருஷம். சனிக்கிழமைகளில் அவன் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே என்னை ஏற்றிக்கொள்வான். அன்றும் ஏற்றிக்கொண்டான். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள். “ஆறுக்குள்ள வந்துடுங்க, என்னத் தனியா மாட்டி வுட்டுடாதீங்க” என்று அண்ணி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். அதை என்னிடம் சொல்லி அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

பள்ளிகொண்டா தாண்டியதும் தூறல் பிடித்தது. அப்போது நெடுஞ்சாலை இரண்டு வண்டி அகலம்தான், இருபக்கமும் புளியமரம். ஓர் இடது வளைவு வந்தது. பச்சைத்தோலின் உட்புறத்திலிருந்து சீவி எடுக்கிற சதையையும் கொழுப்பையும் எங்கள் பக்கம் ஜவ்வு என்பார்கள். பசை காய்ச்சுகிற இடங்களுக்கு அதை டிராக்டரில் அள்ளிப் போவார்கள். போகிற வழியெல்லாம் ஒழுகும். வெயிலில் நாறும், மழையில் வழுக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் பழகும்போதே ரோட்டில் அந்தப் பளபளப்பை அடையாளம் காணப் பழகிவிடுவார்கள். வளைவின் நடுவில் அது பளபளத்தது. அண்ணனுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன்.

“ணா, ஜவ்வு! பிரேக் புடி!” என்று கத்தினேன்.

வேன் மூக்கை இடதுபக்கம் திருப்பிக்கொண்டு, ரோட்டின் குறுக்கே வழுக்கிப் போய், எதிர்ப்பக்கப் புளியமரத்தில் வலது விலாவை மோதியது. வலதுபக்கம் அவன் பக்கம். எனக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அவன் அங்கேயே போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் கட்டிலருகே வந்து நின்றார். “உங்க அண்ணன் ஸ்பீடா வந்தாராப்பா?” என்று கேட்டார். அந்த வேன் அறுபதைத் தாண்டினால் என் பக்கத்துக் கதவு தடதடக்கும். அன்று தடதடக்கவில்லை. முள் நாற்பத்தைந்தில் நின்றது, என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் தலையாட்டினேன். ஆமாம் என்றால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. உண்மையாகவே போய்விட்டார். பதினேழு வயதில் நான் செய்த காரியம் அவ்வளவுதான்: ஒரு தலையாட்டல்.

அது எங்கெல்லாம் போய் நின்றது என்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அண்ணன் இறந்த நாளில் வீட்டில் நினைவு ஜெபக் கூட்டம் நடக்கும். போதகர் வருவார். வாலிபர் ஐக்கியத்துப் பையன்களும் வருவார்கள். அவர்கள் எல்லாருமே அப்போது பைக் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தவர்கள். போதகர் வேகத்தைப் பற்றிப் பேசுவார். என் அண்ணன் ஒரு பிரசங்க உதாரணமாகிவிட்டான். பேசி முடித்ததும் சாட்சி சொல்ல அண்ணி எழுந்திருப்பாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில், “நான் சீக்கிரம் வாங்கன்னு சொன்னேன். அதனாலதான் அவரு வேகமா வந்தாரு. கர்த்தர் என்ன மன்னிக்கணும்” என்பாள். பாயில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் ஆமென் சொல்லும்போது நானும் சொல்வேன்.

அவளை மறுபடி கல்யாணம் செய்து கொடுக்க அவள் வீட்டில் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. ஷூ ஃபேக்டரியில் மேல்பாகம் தைக்கிற மெஷினில் உட்கார்ந்தாள். என் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சோறு போட்டாள். நான் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசாமலே வளர்ந்து முடித்தேன்.

படித்து முடித்து நானும் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் ஷூவின் அச்சுகளை வரைகிற வேலை. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாதவன் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளேன் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன சக ஊழியன் ஒருவன், கிண்டலுக்காக ஒரு கார் பந்தய விளையாட்டு சிடியைக் கொண்டுவந்து கொடுத்தான். “இதுலயாவது ஓட்டு. இதுல போலீஸ் புடிக்க மாட்டான்.”

நான் அதைக் குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு போட்டேன். முதல் வளைவிலேயே கார் சுற்றிக்கொண்டு புல்லுக்குள் போனது. திரும்பப் போட்டேன், திரும்பச் சுற்றியது. எரிச்சலில் அதன் விளக்கக் குறிப்பைத் திறந்தேன். டயர் எவ்வளவு பிடிக்கும், எப்போது விடும், எடை எந்தச் சக்கரத்தின் மேல் சாயும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. இது பொம்மைக் கார் இல்லை, உண்மையான வண்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படிக் கணக்குப் போட்டு நடப்பது என்று புரிந்தது. வேகம் இல்லையென்றால் அந்த வேன் ஏன் சுற்றியது என்ற கேள்வியை நான் ஒன்பது வருஷமாக யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், வேகம் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். இதனிடம் கேட்கலாம். இது திருப்பிக் கேட்காது.

எனக்கென்று ஒரு பதில் அதற்கு முன்பே இருந்தது. நான் தாமதமாகக் கத்திவிட்டேன். ஒரு நொடி முந்திக் கத்தியிருந்தால் பிழைத்திருப்பான். அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் தூங்கினேன், தூங்காமலும் இருந்தேன்.

சென்னை ரிச்சி தெருவில், கம்ப்யூட்டரில் செருகி விளையாடுகிற ஒரு பழைய ஸ்டீயரிங்கும் இரண்டு பெடல்களும் வாங்கி, அட்டைப் பெட்டியில் கட்டி ரயிலில் கொண்டுவந்தேன். ஸ்டீயரிங்கை மேஜை விளிம்பில் இறுக்கலாம். பெடல்தான் பேஜார். அழுத்தினால் சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு சுவரோரம் போகும். அடியில் ஷூ அடிப்பாகத்துக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன், அசையாமல் நின்றது. ஸ்டீயரிங்கின் மேலுறை உரிந்து பிசுபிசுத்ததைப் பார்த்துவிட்டு அண்ணி, கேட்காமலே, தன் ஃபேக்டரிக் கழிவில் இருந்து மெல்லிய கறுப்புத் தோல் கொண்டுவந்து சுற்றிக் கைத்தையல் போட்டுக் கொடுத்தாள். “எதுக்குப்பா இதெல்லாம்?” என்று மட்டும் கேட்டாள். ஆபீஸ் பையன்கள் விளையாடுகிறார்கள் என்றேன். அவள் அந்த வட்டத்தை இரண்டு கையாலும் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

தனியாக ஓட்டிப் பழகியதும், இணையத்தில் ஒருவரோடு ஒருவர் மோதும் லீக்குகள் இருக்கின்றன என்று தெரிந்தது. ஐரோப்பாக்காரர்களின் பந்தயம் எங்கள் நள்ளிரவில் நடக்கும். எனக்கு ஒத்துவராது. கிழக்கு ஆசியப் பக்கம் ஒரு லீக் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு ஓட்டினார்கள். சர்ச், பிரியாணி, பந்தயம் என்று என் ஞாயிறு வகுக்கப்பட்டது. வீட்டுக்கு அப்போதுதான் பிராட்பேண்ட் வந்திருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். முதல் பந்தயத்தில் முதல் வளைவில் எனக்கு முன்னால் போன மூன்று பேரை இடித்துத் தள்ளினேன். திரையின் ஓரத்தில் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் திட்டி எழுதினார்கள். நான் மன்னிப்புக் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தபோது என் கார் சுவரில் மோதியது. இரண்டாவது பந்தயத்தில் யாரையும் இடிக்கக்கூடாது என்று பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டிக் கடைசியாக வந்தேன். அதற்கும் திட்டினார்கள். போதாக்குறைக்குத் தூறல் போட்டால் எங்கள் தெரு இன்டர்நெட் லைன் இழுத்து இழுத்து வரும். இழுத்தால் மற்றவர்கள் திரையில் என் கார் மறைந்து மறைந்து தோன்றும். ஓரிடத்தில் இருக்கும், கண் மூடித் திறந்தால் இருபது அடி தள்ளி இருக்கும். “உன் வண்டி பேய் மாதிரி வந்து வந்து போவுது, பக்கத்துல வரவே பயமா இருக்கு பாஸ்” என்று எழுதினார் ஒருவர். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்.

அவர் மலேசியாவில், ஈப்போ பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். அந்த லீக்கில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தமிழ் தெரியும். வாரம் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முப்பதில் ஊர்ந்துவிட்டு ஞாயிறன்று இருநூற்றில் பறப்பார். அவரோடு சேர்ந்து பழகப் பழக எனக்குக் கை வந்தது. எங்கே பிரேக், எங்கே விடுவது, எப்போது முந்தாமல் பொறுமையாகப் பின்னால் போவது எல்லாம் விளங்கியது. மூன்று மாதத்தில் நடுவாக்கில் வர ஆரம்பித்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்துப்போனது. ஒருவரை உள்பக்கமாகத் தாண்டும்போது நெஞ்சு துள்ளியது. அண்ணன் செத்த விதத்தைத் தேடப் போன இடத்தில் எனக்குச் சந்தோஷம் கிடைத்தது என்பதை நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறுக்காக விரலை மடக்கிக் காத்திருந்தேன்.

அதுவரை ஓட்டியது ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்கள். அடுத்த சீசனுக்கு லீக்கில் சாதாரண நான்கு கதவுக் கார்களுக்கு மாறினார்கள். அதில் திரையின் இடதுபக்கம் ஒரு காலி சீட் தெரியும். அதன் தலைச்சாய்வு என் கண்ணின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும்.

அந்தக் காரில் நான் ஓட்டவே மறந்துபோனேன். நேர் ரோட்டில் சரி, வலது வளைவில் சரி. இடது வளைவு வந்தால் அந்த சீட் பக்கம் இருந்து யாரோ மூச்சை இழுப்பதுபோல இருக்கும். ஏதோ கேட்கப் போகிறது என்று என் காது விறைத்துக்கொள்ளும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். கார் சுற்றும். ஓட்டுவதும் நான், அங்கே உட்கார்ந்திருப்பதும் நான் என்று ஒரு பிரமை. பயந்துபோய் ஒரு நாள் அந்தப் பக்கம் திரையில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி மறைத்து ஓட்டிப் பார்த்தேன். அட்டைக்குப் பின்னால் அந்தப் பதினேழு வயதுப் பையன் இன்னும் நன்றாக உட்கார்ந்திருந்தான்.

ஈப்போக்காரர் என் பந்தயப் பதிவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு எழுதினார்.

“பாஸ், ஒன்னு கவனிச்சீங்களா? நீங்க இடது வளைவுலதான் சுத்துறீங்க. நடுவுல எதையோ பாத்துப் பயந்து பிரேக்கை அமுக்குறீங்க. வளைவுக்கு நடுவுல பிரேக் அமுக்கினா எடை எல்லாம் முன்னாடி போய்டும், பின் சக்கரம் காத்துல நிக்கிற மாதிரிதான். அப்புறம் வால் முந்திக்கும். ரோட்டுல எண்ணெய் கிடந்தாலும் சரி, தண்ணி கிடந்தாலும் சரி, தொடாதீங்க. அப்படியே வுடுங்க. கொஞ்சம் நழுவும், ஆனா போய்டும். நான் பஸ்ஸுல அப்படித்தான் வர்றேன்.”

அதை நான் பந்தய யோசனையாகத்தான் படித்தேன். எவ்வளவு மந்தம் பாருங்கள். அந்த ஞாயிறு, இடது வளைவு ஒன்றில் எனக்கு முன்னால் இரண்டு கார்கள் மோதிக்கொண்டு மண்ணை ரோட்டில் வாரி இறைத்தன. கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிரேக்கைத் தொடவிடாமல் காலை நிறுத்திக்கொண்டேன். கார் மண்ணில் ஏறியது, ஒரு சாண் நழுவியது, நிமிர்ந்தது, போய்விட்டது. அவ்வளவுதான். மூன்றாவதாக வந்தேன். ஈப்போக்காரர் ஐந்தாவது. திரை முழுக்கப் பாராட்டு. நான் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து, அடுப்படியில் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு அண்ணாந்து குடித்தேன்.

பாதி குடிக்கும்போதே சொம்பைக் கீழே வைத்தேன். கொஞ்சம் நழுவும், ஆனா போய்டும்.

நாற்பத்தைந்தில் போன வேன். பிரேக் பிடிக்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் நழுவியிருக்கும். போயிருக்கும். அண்ணனுக்கு அது தெரியும், ஏழு வருஷம் அந்த ரோட்டிலேயே ஓட்டியவன். ஜவ்வு பார்க்காதவனா? நான் கத்தினேன், அவன் கால் அமுக்கியது. தாமதமாகக் கத்திவிட்டேன் என்றுதானே அத்தனை வருஷம் அழுதேன். கத்தியதுதான் விஷயம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை. இன்னொருவன் கெட்டான்.

சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பந்தயக்காரர்கள் தாங்களே ரோடு வரைந்து விளையாட்டில் சேர்க்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. ஷூவின் வளைவுகளை வரைந்து பிழைக்கிறவனுக்கு ரோட்டின் வளைவு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வளைவு எங்கே? நான்கு வழிச் சாலை போட்டபோது புளியமரங்களை வெட்டி, வளைவை நேராக்கிவிட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பள்ளிகொண்டாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். புது ரோட்டுக்குப் பக்கத்தில், முள்புதருக்கு நடுவில், பழைய தார்ரோட்டின் ஒரு துண்டு மட்டும் எதற்கும் உதவாமல் வளைந்து கிடந்தது. அதன்மேல் வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள். கடலையை மிதிக்காமல் ஓரமாக டேப் வைத்து அளந்தேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள்.

“இன்னா சார், இதையும் ரோடு போடப் போறாங்களா? கடல காயவெக்க எடம் இருக்காதே.”

“இல்லம்மா, சும்மா அளக்கறேன்.”

“சும்மா எவனாச்சும் ரோட்ட அளப்பானா?” என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு போனாள். எந்த மரம் என்று தேடினேன். ரோட்டின் அந்தப் பக்கம் வேரோடு பிடுங்கிய பள்ளங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அந்தக் கடலைக்காரப் பெண் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

ரோட்டை இரண்டு வாரத்தில் வரைந்து முடித்தேன். மரங்கள் வைத்தேன். கனமான ஒரு வேன் மாதிரியை இணையத்தில் இருந்து எடுத்துப் போட்டேன். வளைவின் நடுவில் ஜவ்வுக்காக ஒரு பளபளப்பான திட்டு. அந்தத் திட்டு டயரை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். சிறுவயதில் சைக்கிளோடு விழுந்த ஞாபகத்தை வைத்து ஓர் எண் போட்டேன். நாற்பத்தைந்தில் ஓட்டினேன். பிரேக் பிடிக்காமல் போனால் ஒவ்வொரு தடவையும் வேன் நழுவித் தாண்டியது. பிடித்தால் ஒவ்வொரு தடவையும் மரத்தில் மோதியது, வலதுபக்கமாக.

பிறகு ஓர் அசிங்கமான வேலை செய்தேன். எண்ணைக் குறைத்தேன். இன்னும் வழுக்கட்டும் என்று. கொஞ்சம் குறைத்ததும், பிரேக்கே பிடிக்காமல் போனாலும் வேன் மரத்துக்குப் போனது. அந்த எண்ணில் நான் நிரபராதி. அதைக் கொஞ்சம் கூட்டினால் கொலைகாரன். எந்த எண் சரி என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. ஒரு நாள் முழுக்க அதைக் கூட்டியும் குறைத்தும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், என்ன விடை வரும் என்று தெரியாமல் முதலில் போட்ட எண்ணையே திரும்பப் போட்டேன். அதுதான் எனக்குத் தெரிந்த நேர்மை.

அடுத்த வாரம் நினைவு ஜெபக் கூட்டம். அண்ணி மறுபடி எழுந்து நின்று சொல்லப் போகிறாள். அதற்கு முன் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. வேகம் இல்லை என்பதை அவள் கண்ணால் பார்த்தால், மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரும் என்று நினைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் அம்மா படுத்துவிட்டாள். அன்று நான் லீக்கில் ஓட்டவில்லை. “அண்ணி, ஒரு நிமிஷம் இதுல உக்காருங்களேன்” என்றேன்.

“நானா? போப்பா, எனக்கு மெஷின் பெடலத் தவிர ஒன்னும் தெரியாது.”

“இதுவும் பெடல்தான். இது ஆக்சிலேட்டர், இது பிரேக். மெதுவாப் போனாப் போதும்.”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். தான் தைத்த தோலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிடித்தாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் இடதுபக்கம் உட்கார்ந்தேன். தையல்காரியின் கால் அது, பெடலை நூலளவு பிசகாமல் அழுத்தியது. முள் நாற்பத்தைந்துக்கு வந்து நின்றது. ரோட்டின் இருபக்கமும் மரங்கள் வந்தன. அவள் சிரிப்பு குறைந்தது. “இது எந்த ரோடு?” என்றாள். பள்ளிகொண்டா ரோடு அண்ணி, பாருங்க, வேகமே இல்ல பாருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். வளைவு வந்துவிட்டது. திட்டு பளபளத்தது.

“ஜவ்வு! பிரேக் புடி!”

நான்தான் கத்தினேன். கத்த வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. பதினேழு வயதுக் குரலிலேயே வந்தது. அவள் கால் பிரேக்கை அப்படியே அடித்தது. ரோடு சுற்றியது. மரம் வந்தது.

திரை அசையாமல் நின்றது. உள்ளே அம்மா புரண்டு படுத்தாள். அண்ணி முள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாப்பத்தஞ்சுதான?” என்றாள்.

“ஆமா அண்ணி.”

“அன்னைக்கும்?”

“அன்னைக்கும் நாப்பத்தஞ்சுதான். அண்ணன் ஸ்பீடா வர்ல.”

“இப்படித்தான் கத்தினியா?”

“ஆமா.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். உண்மையாகவே அடித்தால் தேவலை என்றிருந்தது.

“கத்தினதுக்கு இன்னா? சின்னப் பையன், பயந்தா கத்தத்தான் செய்வான்” என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. “ஆனா எத்தினி வருசம் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். என்னாலதான் வேகமா வந்தாருன்னு. நீ பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னியே. அத எப்படிறா சொன்ன?”

ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த வாரம் நான் எழுந்திரிக்க மாட்டேன். நீ எழுந்து சொல்லு. போதகர் இருக்கட்டும், அந்தப் பசங்க எல்லாம் இருக்கட்டும், சொல்லு.”

“சொல்றேன் அண்ணி.”

முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் இருந்து எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. “மறுபடி வை” என்றாள். “நீ எழுந்து அந்தாண்ட போ. பக்கத்துல உக்காராத.”

வாசல்படி வரை போய் நின்றுகொண்டேன். அவள் ஓட்டினாள். முள் நாற்பத்தைந்தில் நின்றது. வளைவு வந்தது, திட்டு வந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேன் கொஞ்சம் நழுவியது, நிமிர்ந்தது, தாண்டிவிட்டது. அவள் பெடலை விடவில்லை. இன்னும் நான்கு மரங்கள் போயின. பிறகு ரோடு முடிந்தது. வெறும் சாம்பல் நிறத்துக்குள் வேன் விழுந்துகொண்டே இருந்தது.

“இன்னாச்சு? ரோடு எங்க?” என்றாள்.

“அவ்ளோதான் அண்ணி. வளைவு மட்டுந்தான் போட்டேன்.”

ஸ்டீயரிங்கை விடாமல் அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீடு வரைக்கும் போட்டிருக்கலாம் இல்ல” என்றாள்.